காயெல்லாம் தாண்டிப் போனப்புறம் பேக்கேமன்ல என்ன இருக்கு, வெறும் தாயம்தானே?

ஜூன் 12, 2024 – கேள்வி (அந்தேரியிலேருந்து ஒருத்தர்)

பேக்கேமன்ல, அதான் ரெண்டு டைஸ் போட்டு ஆளுக்கு 15 காயை எதிரெதிரா ஓட்டி, முதல்ல எல்லாத்தையும் வெளிய எடுத்தவன் ஜெயிக்கற ஆட்டத்துல, ரெண்டு பேர் காயும் ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போயாச்சு, இனி வெட்டே கிடையாதுன்னா அதுக்கப்புறம் யாருக்கு பெரிய எண் விழுதோ அவன் ஜெயிப்பான், அவ்ளோதான். நாங்க ஆபீஸ் லஞ்ச்ல அந்த இடம் வந்ததுமே யார் முன்னாடி இருக்கான்னு பாத்துட்டு போர்டை மூடிடறோம். இதுல போய் ஸ்ட்ராட்டஜின்னு பேசறதெல்லாம் சும்மா பில்டப். இல்லேன்னு சொல்றவங்க சொல்லுங்க.

ஜூன் 12, இரவு 11:50

இல்லேன்னு சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி நானும் இதே டயலாக்தான் பேசிட்டிருந்தேன், அதனால கோவமெல்லாம் இல்ல.

செம்பூர்ல எங்க பில்டிங் நாலாவது மாடில ஒரு பெரியவர், மர்ச்சன்ட் நேவில என்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவர். பில்டிங் மொத்தத்துக்கும் கப்பல் மாமா. இந்த ஆட்டத்தை வளைகுடா துறைமுகங்கள்ல கத்துக்கிட்டாராம், இன்னிக்கும் 6-5 விழுந்தா "ஷேஷ் பேஷ்"னு கத்துவார். முதல் பாதி பாரசீகம், ரெண்டாவது துருக்கின்னு அவரே சொல்லுவார். பந்தயம் ஆட்டத்துக்கு ஒரு வடா பாவ்.

போன மாசம் நடந்தது. எனக்கு மிச்சம் ரெண்டே காய், ஒண்ணு 6ஆம் வீட்டுல, ஒண்ணு 4ல (வீட்டு நம்பர்னா வெளிய போக இன்னும் அத்தனை கட்டம்). மாமாவுக்கு நாலு காய், நாலும் 1ஆம் வீட்டுல குவிஞ்சு கிடக்கு. என் முறை, விழுந்தது 2-1. சின்னக் காயை இன்னும் சின்னதாக்கிட்டா எதை போட்டாலும் அது பழம் ஆயிடும்னு 4ல இருந்ததை மூணு நகத்தி 1க்கு கொண்டுபோனேன். 6-1னு நிக்குது. மாமா போட்டார், இரட்டை விழல, ரெண்டு காய் எடுத்தார், இன்னும் ரெண்டு இருக்கு. நான் போட்டேன், 5-4. அருமையான எண், ஆனா 6-1னு நிக்கறப்ப ரெண்டு காயும் சேந்து வெளிய வராது. மாமா என் மூஞ்சியை பாத்துட்டு, "டேய், 2-1 விழுந்தப்பவே நீ தோத்துட்டே, இப்பதான் உனக்கு தெரியறது"ன்னார்.

வெட்டு கிடையாது, கிராஸ் பண்ணியாச்சு, வெறும் ஓட்டம். ஆனா நான் காயை 4-3ன்னு வச்சிருந்தா அந்த 5-4க்கு ரெண்டும் பழம். 6-1, 4-3 ரெண்டுமே மொத்தம் 7 தான். அப்ப ஸ்ட்ராட்டஜி இருக்கா இல்லையா?

(பழம்னா நம்ம தாயத்துல சொல்றமே அதேதான், காய் ஆட்டத்தை விட்டு வெளிய போறது. நான் இதுக்கு வேற வார்த்தை பழகிக்கவே இல்ல.)

ஜூன் 13, காலை, ட்ரெயின்ல

கேட்டவர் பதில் போட்டிருக்கார், "அது ஒரு கை, அதுல அதிர்ஷ்டம்தான்"னு. சரி, கணக்குக்கு வாங்க. ஒவ்வொரு காயும் வெளிய போக எத்தனை கட்டம் இருக்கோ அதையெல்லாம் கூட்டினா பிப் கணக்கு. ஆட்டம் ஆரம்பிக்கறப்ப ஆளுக்கு 167. ஒரு தடவை டைஸ் போட்டா சராசரியா 8ம் ஆறுல ஒண்ணும், இரட்டை விழுந்தா நாலு தடவை ஆடறோம் இல்ல, அதுனாலதான் 7ஐ தாண்டிப் போகுது. இவ்ளோதான் ஓட்டம்னு எல்லாரும் நினைக்கறோம்.

இப்ப இதை பாருங்க. உங்ககிட்ட ஒரே ஒரு காய், 6ஆம் வீட்டுல. பிப் 6. என்கிட்ட ஆறு காய், ஆறும் 1ஆம் வீட்டுல. எனக்கும் பிப் 6. சமம்தானே? நீங்க அடுத்த வீச்சுலயே நாலுல மூணு பங்கு வாய்ப்போட முடிச்சிடுவீங்க. நான் இரட்டை விழலேன்னா மூணு தடவை போட்டாகணும். ஒவ்வொரு காயும் 1 எடுத்துக்கிட்டு மீதியை குப்பைல போடுது, ஒரு 6-5 போட்டு ரெண்டு காய் எடுத்தா 11ல 9 வீண். கடைசி ஓட்டம்ங்கறது யாரு முன்னாடி இருக்கான்னு இல்ல, யாரு கம்மியா வீணாக்கறான்னு.

வடாலா வந்துடுச்சு, கூட்டம் ஏறுது, மீதி அப்புறம்.

ஜூன் 13, இரவு

கொண்டு வர்றப்பவே இது ஆரம்பிச்சிடுது, அதை சொல்ல விட்டுட்டேன். 15 காயும் உள்வீட்டுக்குள்ள, அதாவது 1லேருந்து 6 வரைக்கும் இருக்கற வீடுகளுக்குள்ள, வந்தாத்தான் முதல் பழம் எடுக்க விடுவாங்க. அதனால வெளிய இருக்கற காய் 6ஆம் வீட்டு வாசப்படியை தாண்டினா போதும், பூஜை ரூம் வரைக்கும் போக வேணாம். நான் என்ன பண்ணுவேன்னா 2லயும் 1லயும் ஓட்டை இருக்கு பாருன்னு அங்க கொண்டுபோய் அழகா அடுக்குவேன். அடுக்கறப்ப கண்ணுக்கு குளிர்ச்சியா இருக்கும். அங்கதான் பிப் எல்லாம் சாகுது.

உள்ள வந்தப்புறம் ஓட்டையை அடைக்கறதா, பழம் எடுக்கறதான்னு வந்தா பெரும்பாலும் பழம்தான். 5லயும் 3லயும் ரெண்டு காய், விழுந்தது 2-1. 4-1னு நகத்தலாம். ஆனா 3ல இருக்கறதை ரெண்டு எண்ணையும் சேத்து எடுத்துட்டா 5ல ஒரே காய் நிக்கும், 36ல 31 தடவை அது போயிடும். 4-1க்கு 29. ரொம்ப வித்தியாசம் இல்லதான், ஆனா வடா பாவ் என் காசு.

ஜூன் 14

"மாமாவுக்கு க்யூப் தெரியுமா"ன்னு கேட்டிருக்காங்க. முதல்ல தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டேன்னு ஒரு வருஷம் அடம். அவர் பழகின துறைமுகத்துல எல்லாம் க்யூப் இல்லாமதான் ஆடினாங்களாம். க்யூப் 1920கள்ல நியூயார்க்ல வந்தது, 2லேருந்து 64 வரைக்கும் நம்பர் போட்ட கட்டை, நடு ஆட்டத்துல "பந்தயத்தை ரெண்டு மடங்கு ஆக்கறேன், ஏத்துக்கிறயா ஓடறயா"ன்னு கேக்கறது. ஓடினா இப்ப இருக்கற பந்தயத்தை குடுத்துட்டு போகணும், ஏத்துக்கிட்டா க்யூப் உன் பக்கம். மாமா சொன்னது: "இது ஆட்டமா, சீட்டு கம்பெனியா?"

இப்ப எல்லாத்துக்கும் மேல அவர்தான் க்யூபை தூக்கி வைக்கறார், அது தனி கதை.

ஜூன் 16, ஞாயிறு

அந்த தனி கதை. இன்னிக்கு மத்தியானம். எனக்கு 1ஆம் வீட்டுல ரெண்டு காய், என் முறை வந்தா முடிஞ்சது. மாமாவுக்கு 6ல ஒரே காய், அவர் முறை. க்யூபை 2ன்னு திருப்பி என் பக்கம் தள்ளினார். நான் பயந்து ஓடினேன், ஒரு வடா பாவ் போச்சு. அப்புறம் சாயங்காலம் முழுக்க மண்டைக்குள்ள குடைச்சல், ஏத்திருக்கணுமோ?

உக்காந்து எண்ணினேன். 6ல இருக்கற காய் போகாத எண்கள்: 1-1, 2-1, 3-1, 4-1, 3-2. 2-2 எட்டு நகரும், அதனால போயிடும். 1-1 ஒரு விதம், மத்த நாலும் ரெண்டு ரெண்டு விதம், மொத்தம் 9. 36ல 27 அவருக்கு, 9 எனக்கு. நாலுல ஒரு பங்கு, கரெக்டா.

இதே மாதிரி நாலு ஆட்டம் வருதுன்னு வைங்க. நாலுலயும் ஓடினா நாலு வடா பாவ் நஷ்டம். நாலையும் ஏத்துக்கிட்டா மூணுல தோத்து ஆறு குடுப்பேன், ஒண்ணுல ஜெயிச்சு ரெண்டு வாங்குவேன், நிகர நஷ்டம் நாலு. ரெண்டும் ஒண்ணேதான்! ஒரு சாயங்காலத்தை இதுக்கு வீணாக்கியிருக்கேன். ஆனா கடைசி வீச்சுன்னு வந்துட்டா கோடு எங்க இருக்குன்னு இதுல நல்லா பதிஞ்சுடுச்சு: பாதிக்கு மேல வாய்ப்பு இருந்தா டபுள் பண்ணு, எதிராளி நாலுல ஒண்ணு இருந்தா ஏத்துக்கலாம், கம்மின்னா ஓடணும். 5-1னு ரெண்டு காய் வச்சிருந்தா 23 தடவை முடியும், டபுள், எதிராளி ஏத்துக்கணும். 4-1னா 29, டபுள், எதிராளி ஓடணும். 6-1னா 15 தான், வாயை மூடிட்டு டைஸை போடு.

மாமா இதெல்லாம் எண்ணிதான் தள்ளினாரான்னு கேட்டேன். "கை அரிச்சுது"ன்னார்.

ஜூன் 18

நீளமான ஓட்டத்துக்கு இந்த எண்ணிக்கை சரிப்படாது, அதுக்கு 8-9-12 தான் பைபிள். உன் பிப்ல 8 சதவீதம் முன்னாடி இருந்தா டபுள், க்யூப் ஏற்கனவே உன்கிட்ட இருந்தா 9 வந்தப்புறம் திருப்பு, எதிராளி 12 வரைக்கும் பின்னாடி இருந்தா ஏத்துக்கலாம். எனக்கு 100, அவருக்கு 108னா டபுள். இதை மனசுல வச்சுக்கிட்டா போதும்.

ஜூன் 23

மேல "போதும்"னு எழுதினது தப்பு. பைபிள்னு சொன்னதும் ஓவர். நானே மேல குப்பை, வீண்னு அவ்ளோ பேசிட்டு அஞ்சு நாள்ல வெறும் பிப்பை வச்சு டபுள் பண்ணு ஓடுன்னு எழுதியிருக்கேன், ஒருத்தரும் மடக்கல பாருங்க. 100 மாதிரி பெரிய எண்ணுக்கு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நிக்கறப்ப அது சரி. குட்டையாகிட்டா அடுக்கு எப்படி இருக்குன்னு பாக்கணும்.

இதுக்குன்னு ஆளுக்கொரு கணக்கு வச்சிருக்காங்க. எட்வர்ட் தோர்ப்னு, பிளாக்ஜாக்ல சீட்டு எண்ணி ஜெயிக்கலாம்னு காட்டின கணித புரொபசர், அவரே இதுக்கு ஒண்ணு போட்டார். நான் பிடிச்சுக்கிட்டது டாம் கீத் போட்டது. பிப்பை எண்ணு. 1ஆம் வீட்டுல ஒண்ணுக்கு மேல இருக்கற ஒவ்வொரு காய்க்கும் 2 அபராதம். 2ஆம் வீட்டுல ஒண்ணுக்கு மேல இருக்கறதுக்கு 1, 3ஆம் வீட்டுல மூணுக்கு மேல இருக்கறதுக்கு 1. 4, 5, 6ல எது காலியோ அதுக்கு 1. முறை யாருதோ அவரோட மொத்தத்துல ஏழுல ஒரு பங்கை கூட்டு, பின்னத்தை விட்டுடு. அதுக்கப்புறம் அவர் எண் எதிராளியை விட 4க்கு மேல அதிகமா இல்லேன்னா டபுள், திருப்பறதுன்னா 3. குறைஞ்சது 2 அதிகமா இருந்தாதான் எதிராளி ஏத்துக்கணும்.

போன வாரம் வந்த நிலையை போட்டோ எடுத்து வச்சிருந்தேன். எனக்கு 6ல மூணு, 5ல மூணு, 4ல ரெண்டு, 3ல ரெண்டு, 2லயும் 1லயும் ஒண்ணொண்ணு. கூட்டினா 50, அபராதமே இல்ல. மாமாவுக்கு 6ல நாலு, 5ல நாலு, 4 காலி, 3ல ஒண்ணு, 2ல ஒண்ணு, 1ல நாலு. கூட்டினா 53. வித்தியாசம் மூணே மூணு, 6 சதவீதம், 8-9-12 படி நான் டபுளே பண்ணக்கூடாது, பண்ணவும் இல்ல.

கீத் கணக்கு போடுங்க. மாமாவுக்கு 1ல மூணு காய் உபரி, அதுக்கு 6, காலி 4க்கு 1, மொத்தம் 60. எனக்கு 50ம் ஏழுல ஒரு பங்கும், 57. நான் அவரை விட அதிகமா இருக்கறது இருக்கட்டும், மூணு கம்மியா இருக்கேன். டபுள் பண்ணியிருக்கணும், அவர் ஓடியிருக்கணும். நான் பண்ணாம ஆடி, கடைசில அவருக்கு ஈராறு விழுந்து தோத்தேன். நாலு காய் ஒரே வீச்சுல. அன்னிக்கு டைஸை திட்டினேன், இப்ப யாரை திட்டறதுன்னு தெரியுது.

ஜூன் 24

சிலர் "ட்ரெயின்ல நின்னுக்கிட்டு இதையெல்லாம் மனக்கணக்கா போடுவீங்களா"ன்னு. போட மாட்டேன். பழகினவரைக்கும் அபராதத்தை மட்டும் பாத்துக்கறேன், 1ஆம் வீட்டுல குவியல் தெரிஞ்சா அந்த ஆள் பிப் சொல்றதை விட பின்னாடி இருக்கான். அது கண்ணுக்கே தெரியும்.

ஜூலை 8, மழை

ராத்திரி ஒரு மணிலேருந்து காலை ஏழுக்குள்ள சில இடத்துல 300 மில்லிமீட்டருக்கு மேல கொட்டியிருக்கு, தண்டவாளத்துல தண்ணி, ஆபீஸ் கிடையாது. கரன்ட் இருக்கு, வெங்காய பஜ்ஜி இருக்கு. ஒரு ஆள் ஜூன் மாசமே கேட்ட கேள்விக்கு இப்பதான் பதில் எழுத உக்காந்தேன். கேள்வி: "முதல் குறிப்புல 4-3ன்னு வச்சிருக்கணும்னு சொன்னீங்களே, 5-2 ஏன் இல்ல?"

அடக்கடவுளே, அது எனக்கு தோணவே இல்ல. 6ஐ ஒண்ணு நகத்தி 5, 4ஐ ரெண்டு நகத்தி 2. அதுவும் 7 தான்.

நோட்டுல 36 கட்டம் போட்டு ஒவ்வொண்ணா டிக் அடிச்சேன். 6-1னு வச்சா: 6 இருக்கற 11 எண்ணும், அப்புறம் 2-2, 3-3, 4-4, 5-5. மொத்தம் 15. 4-3ன்னு வச்சா 17. 5-2ன்னு வச்சா 19! 5-2வும் 6-2வும் விழுந்தா 5-2 வச்சவனுக்கு பழம், 4-3 வச்சவனுக்கு இல்ல. 4-3 வச்சவனுக்கு மட்டும் லாபம்னு பாத்தா அந்த 4-3 ஒண்ணுதான். அதனால மேல எழுதினது அரைகுறை. நான் பண்ணது மட்டம், நான் சொன்ன திருத்தம் சுமார், சரியானது 5-2. மாமாவுக்கு முன்னாடியே ஒரு இரட்டை விழுந்துடற வாய்ப்பு ஆறுல ஒண்ணு இருக்கு, அதையும் கழிச்சா 5-2க்கு கிட்டத்தட்ட 44 சதவீதம், நான் வச்ச 6-1க்கு 35க்கு கொஞ்சம் கீழ. ஒரு காயை தப்பா நகத்தினதுக்கு இவ்ளோ விலை.

+2 படிக்கற என் பொண்ணு எட்டிப் பாத்துட்டு, உள்வீட்டுல மொத்தம் எத்தனை விதமா காய் நிக்கலாம்னு அவளே போட்டா. ஆறு வீடு, 15 காய் வரைக்கும், காலியா இருக்கறதையும் சேத்து: 54,264. "இவ்ளோதானாப்பா? இதை கம்ப்யூட்டர் முழுசா பாத்து வச்சிடுமே"ன்னா. ஆமாம்மா, வச்சிடுச்சு, இலவசமா கிடைக்கற குனூ பேக்கேமன்ல கூட அந்த அட்டவணை இருக்கு, உள்வீட்டு ஓட்டம்னு வந்துட்டா அது யோசிக்கறதே இல்ல, பாத்து எழுதுது. உங்கப்பாதான் பஜ்ஜியோட டிக் அடிச்சிட்டிருக்கேன்.

ஜூலை 9

நேத்து விட்டது. ரெண்டு பேருக்கும் 1ஆம் வீட்டுல நாலு நாலு காய், முறை உன்னோடது. உனக்கு இரட்டை விழுந்தா முடிஞ்சது, விழலேன்னா எதிராளிக்கு இரட்டை விழணும். 36ல 31 உனக்கு. டபுள், அவர் ஓடணும். ஆறு ஆறு காய்னாலும் ஓடணும். எட்டு எட்டுன்னா ஏத்துக்கலாம். மூணு வீச்சுன்னா ஓடு, நாலு வீச்சுன்னா இருன்னு ஞாபகம் வச்சுக்கறேன்.

ஜூலை 21

இழை தடம் மாறுது, "எதிராளி காய் இன்னும் என் 1ஆம் வீட்டுல உக்காந்திருந்தா"ன்னு மூணு பேர். அது ஓட்டமே இல்லைங்க, அங்க மேல சொன்னது பாதி தலைகீழ். அங்க வேகம் வேணாம், பத்திரம்தான். 6லேருந்து வரிசையா காலி பண்ணிட்டு வரணும், மேல இருக்கற ரெண்டு வீட்டுல சேத்து இரட்டைப்படையா இருக்கற மாதிரி பாத்துக்கணும். நான் ஒருதரம் 6ல மூணு, 5ல ரெண்டுன்னு வச்சிருந்தேன், மாமாவோட ரெண்டு காய் என் 1ல. ஷேஷ் பேஷ் விழுந்தது. 6க்கு ஒண்ணை எடுத்தாகணும், 5க்கு 1ஆம் வீட்டுக்கு இறங்க முடியாது, அவர் உக்காந்திருக்கார், அதனால 5ல இருந்து ஒண்ணு போச்சு. மிச்சம் அங்க ஒண்டிக்கட்டை. மாமா 4 போட்டார், வெட்டு. அவ்ளோ பழம் எடுத்தவன் பார்ல, அதான் வெட்டுப்பட்ட காய் காத்திருக்கற நடுக்கட்டைல, உக்காந்துட்டு வேடிக்கை பாத்தேன். நான் அழாத குறை, அவர் "காபி போடச் சொல்லட்டுமாடா"ன்னார்.

இதுக்கு வேற இழை போடுங்க, இங்க கலக்க வேணாம்.

ஜூலை 22

அந்தேரிக்காரர் வந்திருக்கார். லஞ்ச்ல போர்டை மூடறதை நிறுத்திட்டாங்களாம், இப்ப கடைசி வரைக்கும் ஆடறாங்களாம், அதனால தினமும் மீட்டிங்குக்கு லேட்டாம். பழி என் மேல போட்டிருக்கார். ஏத்துக்கறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எழுதாம இருக்க முடியல. இன்னிக்கு அதே நிலை. அச்சு அசல் இல்ல, எனக்கு 5ல ரெண்டு காய், மாமாவுக்கு 1ல நாலு, விழுந்தது 2-1. கையே நடுங்காம ஒரு காயை மூணு நகத்தி 5-2ன்னு வச்சேன். நிமிந்து மாமாவை பாத்தேன், அவர் தலையாட்டினார், "தேறிட்டே"ன்னார். அவர் போட்டார், 4-3, ரெண்டு எடுத்தார்.

நான் போட்டேன். 6-1.

6க்கு 5 போச்சு. 1க்கு 2ல இருந்தது 1க்கு நகந்துச்சு, அங்கயே உக்காந்துச்சு. காய் 6-1ன்னு நின்னிருந்தா ஜெயிக்கற, 5-2ன்னு நின்னா தோக்கற எண் 36ல ரெண்டே ரெண்டு, அது இதுதான். நான் ஜூலை 8 நோட்டை எடுத்துட்டு வந்து அந்த கட்டத்தை காட்டினேன். மாமா கண்ணாடியை போட்டுண்டு நிதானமா பாத்தார், "கணக்கெல்லாம் சரியா இருக்குடா, கீழ போய் வடா பாவ் வாங்கிண்டு வா, எனக்கு பச்சை மிளகா ரெண்டு கூட வைக்கச் சொல்லு"ன்னார்.

இதுவரைக்கும் பாக்கி பதினொண்ணு.